எங்க மேடம் கேக்கறது?

கால் சென்டர் பயிற்சி வகுப்பில், மாக் காலில், அதாவது ஒத்திகை அழைப்பில், ஒரு பையன் சொன்ன வாக்கியம் இதுதான்: "ஐ ஆம் காக்னிசன்ட் ஆஃப் யுவர் ப்ரெடிகாமென்ட், மேம்."

உங்கள் இக்கட்டு எனக்குத் தெரியும் என்று அர்த்தம். மறுமுனையில் வாடிக்கையாளராக நடித்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் நான். கார்டு பாக்கியைக் கட்ட முடியாமல் புலம்பும் அமெரிக்கப் பெண்மணி வேடம். பின் வரிசையிலிருந்து ஒருவன், "சி.டி.எஸ். கிடைக்காமத்தானே இங்க வந்த?" என்றான். சி.டி.எஸ். என்றால் காக்னிசன்ட் என்ற ஐ.டி. கம்பெனி. பேட்ச் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்ததைக்கூட விட்டுவிடலாம். அப்புறம் நடந்ததுதான் போக மாட்டேன் என்கிறது.

"ப்ரெடிகாமென்ட் இல்லை, ப்ரிடிக்கமென்ட். 'டிக்'ல அழுத்துங்க, மத்ததை விழுங்கிடுங்க" என்றேன்.

"வார்த்தையைப் பார்த்தா எங்க அழுத்தணும்னு எப்படி மேடம் தெரியும்?"

"பார்த்தா தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் பழகணும்."

"எங்க மேடம் கேக்கறது?"

கிண்டலே இல்லை. அந்த பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பவன் மாதிரி, நிஜமாகவே இடம் கேட்டான். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "நெக்ஸ்ட்" என்றேன்.

இது 2011இல். அவன் கையில் இருந்தது பட்டன் போன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. ஏதோ வங்கி இலவசமாகக் கொடுத்த டைரியில் மூன்று பத்தி போட்டு வைத்திருந்தான்: ஆங்கிலச் சொல், தமிழில் பொருள், தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. பிரெடிகமென்ட்டுக்குப் பொருள் 'இக்கட்டு' என்று சரியாகவே எழுதியிருந்தான். மூன்றாவது பத்தியில்தான் கோளாறு. அந்தப் பத்தியை அவன் தன் கண்ணை நம்பி நிரப்பியிருந்தான்.

என் பக்கமும் நியாயம் உண்டு. அவனை ஃப்ளோருக்கு, அதாவது நிஜ அழைப்பு எடுக்கும் இடத்துக்கு, அனுப்பினால் வாடிக்கையாளர் மூன்று முறை "எக்ஸ்க்யூஸ் மீ?" என்பார், நான்காவது முறை சூப்பர்வைசரைக் கேட்பார். குவாலிட்டி ஸ்கோர் விழுந்தால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். போதாததற்கு, கடன் கட்ட முடியாத ஒருத்தியிடம் 'காக்னிசன்ட்', 'பிரெடிகமென்ட்' என்பதெல்லாம் அதிகம். "ஐ அண்டர்ஸ்டாண்ட்" போதும்.

ஆனால் அதை நான் அவனிடம் சொல்லவில்லையே. இந்த இடத்துக்கு இந்தச் சொல் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது பயிற்சி. நான் திருத்தியது ஒலியை. பேட்ச் சிரித்ததும் ஒலிக்காக இல்லை, அந்தச் சொல் இவன் வாயில் வந்ததற்காக என்று இப்போது தோன்றுகிறது.

அவன் கண்ணை நம்பியதில் என்ன தப்பு? நமக்கு எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரிந்துவிடும். 'அகம்' என்பதில் ககரம் குழையும், 'பக்கம்' என்பதில் அழுந்தும். யாரும் சொல்லித்தர வேண்டாம், இடத்தை வைத்தே வாய் பழகிவிடுகிறது. எந்த எழுத்து எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று தனி இயலே இருக்கிறது. எழுத்தும் ஒலியும் ஒன்றுக்கொன்று துரோகம் செய்யாத ஊரிலிருந்து வந்தவன் அவன். இங்கே வந்தால் ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசையில் அழுத்தம், ஃபோட்டோகிராஃபர் என்றால் இரண்டாவதில், ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில். குடும்பம் ஒன்றுதான், தலைமை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் ப்ராசஸ் கலெக்‌ஷன்ஸ். அதாவது கடன் வசூல். 'டெட்' (debt, கடன்) என்ற சொல்தான் சோறு போட்டது. அதில் எழுதப்படும் 'பி' உச்சரிக்கப்படாது. அவன் முதல் வாரம் முழுக்க 'டெப்ட்' என்றே சொன்னான், நானும் மதிப்பெண் குறைத்தேன். பிற்பாடுதான் படித்தேன். அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து 'பி' இல்லாமல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீன் வேர் 'டெபிடும்' என்பதைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பின்னால் அந்த எழுத்தைச் செருகினார்கள். 'டவுட்', 'ரிசீட்' சொற்களிலும் இதே கதை. ஆக, யாரோ புலமை காட்டச் சேர்த்த எழுத்தை இவன் மரியாதையாக உச்சரித்ததற்கு நான் இரண்டு மார்க் வெட்டியிருக்கிறேன்.

என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 26 வயதுவரை நான் 'எபிட்டமி' (epitome) என்பதை 'எபிடோம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மீட்டிங்கில், பயிற்சியில், ஒரு முறை மேடையில்கூட. ஒருவரும் சிரித்ததில்லை. கான்வென்ட் ஆங்கிலத்தின் நடுவே அது ஒரு சறுக்கலாகக்கூடத் தெரியவில்லை போலிருக்கிறது. ஏதோ ஒரு ஆங்கிலப் படம் பார்க்கும்போது நானாகவே கண்டுபிடித்து, இருட்டில் வெட்கப்பட்டேன். எனக்குக் கேட்க இடம் இருந்தது. வீட்டில் அப்பா தினமும் ஆங்கிலச் செய்தி போடுவார்.

அவன் கேட்டதற்குப் பதில் இல்லாமலும் இல்லை. அகராதியில் அழுத்தும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார்கள். டேனியல் ஜோன்ஸின் ஆங்கில உச்சரிப்பு அகராதி 1917லேயே வந்துவிட்டது. பயிற்சி அறை அலமாரியில் ஒரு தடிமனான அகராதி இருந்தது. அந்தக் கோட்டைக் காட்ட ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இன்றைக்கென்றால் போனில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் சொல்லிவிடுகிறது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அப்போது என் நினைவுக்கு வந்தது கடிகாரம் மட்டும்தான்.

பேட்ச் முடிவில் அவனை வாய்ஸிலிருந்து, அதாவது போனில் பேசும் வேலையிலிருந்து, தட்டச்சு செய்து பதில் சொல்லும் சாட் ப்ராசஸுக்கு மாற்றப் பரிந்துரைத்தேன். எங்கள் இடத்தில் சாட்டுக்குச் சம்பளம் குறைவு. முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 14 நாளில் அதற்கு மேல் யாராலும் முடியாது. ஆனால் அதே மாதம், அவனைவிட வேகமாக உளறுகிற ஒருத்தியை வாய்ஸில் பாஸ் பண்ணினேன். அவள் உளறல் காதுக்குப் பழகியதாக இருந்தது. வகுப்பில் எல்லார் முன்னாலும் திருத்துகிற பழக்கம் இன்னும் போகவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல நேரம் இருப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

கையெழுத்து வாங்க ஃபீட்பேக் ஃபார்மை அவனிடம் நீட்டினேன். குறிப்பில் 'எம்.டி.ஐ. ஹெவி' என்று எழுதியிருந்தேன்.

"எம்.டி.ஐ.ன்னா என்ன மேடம்?"

"மதர் டங் இன்ஃப்ளூயன்ஸ்."

டைரியை எடுத்தான். முதல் பத்தியில் எழுதினான். பக்கத்தில் 'தாய்மொழித் தாக்கம்' என்று எழுதினான். மூன்றாவது பத்தியில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"இன்ஃப்ளூயன்ஸ்ல எங்க மேடம் அழுத்தணும்?"

"முதல்ல. 'இன்'ல" என்றேன். அடிக்கோடு போட்டுக்கொண்டான்.