அப்பத்தாவின் சாமான் சிட்டை கலைப்படைப்பான விதம்

கருத்தியல் கலையில் பொருளைவிட அதன் பின்னுள்ள யோசனையே படைப்பு. 1965இல் அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கோசுத் ஒரு நாற்காலியையும், அதன் புகைப்படத்தையும், அகராதி விளக்கத்தையும் அருகருகே வைத்தார். அதைப் பற்றிப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சாமான் சிட்டையே என் நினைவில் நின்றது. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்த வெள்ளி, பித்தளை, மங்குச் சாமான் முதல் ஓலைக் கொட்டான் வரை சிட்டையில் பட்டியலாக எழுதி வைப்பது செட்டிநாட்டு நகரத்தார் வழக்கம். அப்பத்தாவின் சிட்டையிலிருந்து சில வரிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பாத்திரம், அந்த வரி பொறித்த ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கும் தரை ஓடு), அதைப் புழங்கிய விதத்தைச் சொல்லும் அத்தையின் குரல் என மூன்றையும் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், வைப்பதெனத் தீர்மானித்தேன்.

வீடு பங்காளிகள் அனைவருக்கும் பொது என்பதால் முதலில் அவர்களின் சம்மதம் தேவைப்பட்டது. பூட்டியிருக்கும் சாமான் அறையை விட்டு வெளியே வரும் பொருள் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய்விடும் என்ற அவர்களுடைய அச்சம் நியாயமானது. எடுப்பவற்றுக்கெல்லாம் புதிதாக ஒரு சிட்டை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்ட பிறகே சாவி கிடைத்தது. அந்தப் புதிய சிட்டையையும் படைப்பில் சேர்த்துக்கொண்டேன். ஒரு பொருள் எழுத்தின் வழியாகத்தான் குடும்பத்துக்கு உரியதாகிறது என்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டியிராது.

கல் வார்ப்பதில்தான் அதிகம் கற்றேன். கண்ணாடியின் மேல் தகர அச்சை வைத்து அதன் கட்டத்துக்கொரு நிறமாகச் சாயக்கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இடுவதால், கல்லின் முகம் கடைசிவரை கீழ்நோக்கியே இருக்கிறது. "எழுத்தைத் திருப்பிப் போட்டாத்தான் நேரா வருங்க" என்றார் பட்டறைக்காரர். தண்ணீரில் ஊறி, காய்ந்து, கண்ணாடி விலகிய பின்னரே அப்பத்தாவின் சாமான்களின் பெயர்களை நேராகப் படிக்க முடிந்தது.

பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்கவில்லை. பார்ப்பவர் கண் பளபளப்பில் நின்றுவிட்டால் சிட்டையின் வரி பின்னுக்குப் போய்விடும்.

சிட்டையில் இருந்தும் அறையில் கிடைக்காத சாமான்களும் இருந்தன. அவற்றின் இடத்தைக் காலியாக விட்டு, கல்லையும் குரலையும் மட்டும் வைத்தேன். என் கணிப்பில் இந்தப் படைப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது: பாத்திரம் இல்லாதபோதும் அதன் பெயரும் புழக்கமும் நிற்கின்றன. வந்த ஆச்சிமார் அந்தக் காலி இடங்களின் முன்தான் அதிக நேரம் நின்று, தங்கள் வீட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசினார்கள்.

சாமான்கள் கையெழுத்துச் சிட்டையின்படி சரிபார்க்கப்பட்டு அறைக்குத் திரும்பிவிட்டன. அத்தையின் குரல்பதிவைப் பங்காளிகள் ஒவ்வொருவருக்கும் அனுப்பியிருக்கிறேன். கற்களைப் பட்டாலை எனும் கூடத்தின் தரையில் பதிப்பதா என்பதை அவர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.