வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு சூழலியல் பாடம்

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்திவரும் நான், சூழலியலை ஏரிக்கரையில் வைத்து நடத்தக் கற்றுக்கொண்ட விதத்தை, மாணவர்களைக் களத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் ஆண்டு வேடந்தாங்கலுக்குச் சென்றபோது முப்பது பறவைகளின் பெயர்ப்பட்டியலை அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். கூழைக்கடாவையும் கரண்டிவாயனையும் கண்டவுடன் மாணவர்கள் குறியிட்டுவிட்டு அடுத்த பெயரைத் தேடினார்களே தவிர, அந்தப் பறவை எதைத் தின்கிறது, எங்கே போய்வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிழை என் பட்டியலில் இருந்தது. மறு ஆண்டு முதல் ஒரே கேள்வியோடு செல்கிறோம்: இந்த ஏரித் தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக உரம் அதிகம் வேண்டியதில்லை என்கிறார்களே ஊரார், அந்த உரம் எங்கிருந்து வருகிறது?

விடையை வயலிலிருந்து தேடத் தொடங்குவதே நல்லது. சரணாலயத்தின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். அங்கே கூடு கட்டும் ஆயிரக்கணக்கான பறவைகள் இரைக்காகச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போய்வருகின்றன. ஒருமுறை வரப்பில் கிடந்த நத்தை ஓட்டை ஒரு மாணவி எடுத்து வந்தாள். ஓடு உடையவில்லை, உள்ளே சதை மட்டும் இல்லை. பிறகு கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, நத்தைகுத்தி நாரையின் மூடிய அலகுக்கு நடுவே தெரியும் இடைவெளியை இருநோக்கியில் பார்த்ததும், ஓட்டை யார் காலி செய்தது என்பதை அவளே கண்டுகொண்டாள்.

அந்த இடத்தில்தான், பயிருக்கு உரமாகும் சத்துகளில் ஒன்றான பாஸ்பரஸின் சுழற்சியைத் தொடங்குவேன். நைட்ரஜனைப் போலக் காற்றில் கலந்து திரும்பும் வழி பாஸ்பரஸுக்கு ஏறக்குறைய இல்லை. அது தண்ணீரோடு தாழ்வை நோக்கியே போகும். வயலில் நத்தையைத் தின்ற நாரை, நீர்க்கடம்பு மரத்துக் கூட்டுக்குத் திரும்பி எச்சமிடும்போது அந்தப் பாஸ்பரஸையே ஏரிக்கு மீட்டுக் கொண்டுவருகிறது, ஏரி மதகு வழியே மறுபடி வயலுக்கு அனுப்புகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது இவ்வூரார் முறையிட்டு, 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றதற்கான காரணமும் அப்போது மாணவர்களுக்குத் தெளிவாகப் புரியும்.

வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பியதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு, டிசம்பர் அல்லது ஜனவரியில் விடியற்காலையிலேயே கரையில் இருக்கும்படி செல்லுங்கள். ஐந்து பேருக்கு ஒரு மரம் என்று பிரித்து, கால் மணி நேரத்தில் அதற்கு எத்தனை பறவைகள் வந்தன, எத்தனை போயின என்று எண்ணச் சொல்லுங்கள்; மற்ற குறிப்புகள் எதுவும் வேண்டாம். சரணாலயத்துக்குள்ளிருந்து எதையும் எடுக்கக் கூடாது. ஆகையால் வெளியே, வயல்காரரிடம் கேட்டு வாய்க்கால் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குடுவையிலும், பள்ளிக் கிணற்றுத் தண்ணீரை மற்றொன்றிலும் பிடித்து, வகுப்பறைச் சன்னலில் வைக்கிறோம். சென்ற ஆண்டு பத்தாம் நாள் வாய்க்கால் தண்ணீர், அதிலிருந்த சத்தில் பாசி வளர்ந்து பச்சையாகிவிட்டது; கிணற்றுத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வில் பாஸ்பரஸ் சுழற்சிக்குப் படம் கேட்டிருந்தேன். பாடநூல் படத்திலுள்ள அம்புக்குறிகள் எதுவும் விடுபடாமல், மூலையில் மட்டும் ஒரு மரமும் நாரையும் மதகும் சேர்த்து வரைந்திருந்தாள், அந்த நத்தை ஓட்டை எடுத்து வந்த மாணவி.