மதினியின் மடிக்கணினித் திரை: நைந்த கேபிளும் எரிந்த பியூஸும்

அம்பாசமுத்திரத்து மதினியின் மடிக்கணினித் திரை நேற்று இரவு மீண்டும் ஒளிர்ந்தது. மூன்று வாரங்களாக நடந்த இந்த வேலையில் பெரும்பகுதி நேரத்தை விழுங்கியது 1.6 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பியூஸ்.

அங்கே காட்டிய கடையில், படம் காட்டும் திரைப்பலகையான பேனலையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாளையங்கோட்டைக்கு என்னிடம் வந்ததும் ஹெச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சியில் இணைத்தேன். படம் குறையின்றி வந்தது. பிறகு அறையை இருட்டாக்கி, கைப்பேசி டார்ச்சைத் திரைமீது சாய்த்துப் பிடித்தபோது, கடவுச்சொல் கேட்கும் பக்கம் மங்கலாகத் தெரிந்தது. பேனல் உயிரோடுதான் இருக்கிறது, அதற்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் பின்னொளி மட்டுமே இல்லை என்பது அப்போதே உறுதியாயிற்று. இந்தச் சோதனையைச் செய்யாமல் பேனலுக்கு விலை சொல்வது தவறு என்பது என் உறுதியான கருத்து.

மூடியைச் சாய்த்தால் வெளிச்சம் வருவதும் நிமிர்த்தினால் போவதுமாகச் சில நாள் இருந்து, பிறகு அடியோடு நின்றுவிட்டதாக மதினி சொல்லியிருந்தார். திரையைச் சுற்றியுள்ள சட்டமான பெசலைக் கழற்றினால், மதர்போர்டிலிருந்து திரைக்குப் போகும் கேபிள் இடது கீலுக்குள் வளையும் இடத்தில் உறை நைந்து, செம்பு வெளியே தெரிந்தது. பழைய கேபிளில் ஒட்டியிருந்த எண்ணை எழுதியனுப்பிச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து 30 பின் (இணைப்பு முனை) கொண்ட கேபிளை வரவழைத்தேன். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்குவோர் கவனிக்க வேண்டும். அதே மாடலின் தொடுதிரை வகைக்கு 40 பின் கேபிள் இருக்கக்கூடும்.

புதிய கேபிளை மாட்டியும் வெளிச்சம் வரவில்லை. படம் தெரிவதால் 12, 13-ஆம் பின்களில் 3.3 வோல்ட் வருகிறது என்பது அளக்காமலே விளங்கும். பின்னொளிக்குரிய 26 முதல் 29 வரையுள்ள பின்களில்தான் ஒன்றுமில்லை. அந்தத் தடத்தைப் பின்பற்றி மதர்போர்டுக்குப் போனால், கேபிள் செருகும் சாக்கெட்டை ஒட்டிய பியூஸின் ஒரு முனையில் 19 வோல்ட், மறுமுனையில் சுழியம். நைந்த கம்பி கீலின் உலோகத்தில் பட்டபோது அது எரிந்திருக்க வேண்டும்.

பியூஸுக்குப் பதிலாகக் கம்பித் துண்டை வைத்துப் பற்றவைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். அடுத்த ஷார்ட்டில் பலகையின் தடமே எரிந்துபோகும். வண்ணார்பேட்டையில் பழைய பலகைகளை எடைக்குத் தரும் அண்ணாச்சியிடம் வாங்கியவற்றில், அதே எழுத்துக் குறியுள்ள பியூஸ்கள் இரண்டு கிடைத்தன. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் சாக்கெட் உருகிவிடும் என்பதால் சூடான காற்றைத் தவிர்த்து, சாக்கெட்டைச் சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப்பால் மூடி, சால்டரிங் அயர்னாலேயே முயன்றேன். முதல் பியூஸ் ஆனிக் காற்றில் சாமணத்திலிருந்து பறந்துவிட்டது. சன்னலைச் சாத்தி, ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பிளக்ஸ் தடவி, ஒரு முனையை முதலில் நிறுத்திக்கொண்டு மறுமுனையைப் பிடித்ததில் இரண்டாவது அமர்ந்தது. கேபிளைச் செருகும்முன் பேட்டரி இணைப்பையும் கழற்றுவது கட்டாயம். அடாப்டரை மட்டும் எடுத்தால் அந்தத் தடத்தில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், புதிய பியூஸும் போய்விடும்.

அண்ணாச்சியிடம் கண்ட 15.6 அங்குலப் பேனல் ஒன்றை, அதை இயக்கும் கன்ட்ரோலர் பலகையோடு சேர்த்துத் தனித் திரையாக்கும் எண்ணம் வந்திருக்கிறது. அதற்குமுன் இங்கே பெசலை ஒட்ட வேண்டும். கீலருகே கேபிளுக்கு எவ்வளவு தளர்வு விடுவது என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை; இப்போது விட்டிருக்கும் வளைவு, மூடியை முழுதும் திறக்கும்போது சற்றே இழுபடுகிறது. நாளை அதைக் கழற்றி மறுபடி பதிக்கப் போகிறேன்.