வாயில் பூவோடு கடல் கடந்த நாகம்

பிள்ளை கிடைத்தால் கொண்டுவந்து காட்டுகிறோம், தோஷம் கழிந்தால் வெள்ளி நாகம் சாத்துகிறோம் என்று யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடல் நடுவே நயினாதீவில் இருக்கும் நயினை நாகபூசணி அம்மாளுக்கு நேர்ந்து வைத்த வீடுகள் கொழும்பில் நிறைய. நேர்வது சுலபம். வெள்ளவத்தையிலிருந்து கைக்குழந்தையோடு போய்த் தீர்ப்பதில்தான் அலைச்சல்.

வெள்ளி நாக உருவைச் செட்டியார் தெருவிலேயே வாங்கிவிடுங்கள். தகடு மெல்லியது. பைக்குள் உடுப்போடு திணித்தால் படம் மடங்கிப் போகும்; சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பஞ்சு வைத்துக் கொண்டுபோவது நல்லது. பூவைக் கொழும்பில் வாங்க வேண்டாம். இரவு பஸ்ஸின் ஏசியில் மல்லிகை விடியுமுன் பழுத்துவிடும். யாழ்ப்பாணத்தில் இறங்கிக் குளித்துவிட்டு அங்கேயே வாங்கி, ஈர வாழையிலையில் சுற்றுங்கள். குழந்தைக்கு முப்பத்தொன்றாம் நாள் கழிந்து துடக்கு (பிறப்புத் தீட்டு) நீங்கியிருக்க வேண்டும் என்பதை வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் வரைக்கும் பஸ் போகும். சோதனை அந்த இறங்குதுறையில்தான். அதே தீவில் உள்ள பௌத்த நாகவிகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர்களும் நாமும் ஒரே படகுக்குத்தான் நிற்கிறோம். போயா என்னும் பௌர்ணமி நாளும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்தால் வரிசை வெயிலில் நீளும். "கடைசிப் படகு இதுதான், கெதியா ஏறுங்கோ" என்று அவசரப்படுத்துகிறவர்களை நம்ப வேண்டாம், அடுத்தது வரும். பிதுங்கப் பிதுங்க ஆள் ஏற்றுவதை என்ன சொல்ல! உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஆனித் திருவிழாக் காலம் சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கிற காலமும்தான். காற்று வரும் பக்கம் இருந்தால் சேலை முழுக்க உப்புத் தண்ணீர். பின்னுக்கு இருந்தால் டீசல் புகை. குழந்தையோடு போகிறவர்கள் நடுப்பகுதியைப் பிடிப்பதே புத்தி.

படகு ஆடத் தொடங்கியதும் அந்த நாகத்தின் நினைவு வராதவர் யார்?

புளியந்தீவிலிருந்து நாளாந்தம் பூக் கொண்டுவந்து அம்மாளைப் பூசித்த நாகம் அது. ஒருநாள் கருடன் மறித்தது. நாகம் கடலுக்குள் நின்ற கல்லைச் சுற்றிக்கொண்டது, கருடன் எதிர்க் கல்லில் காத்திருந்தது. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இன்றைக்கும் அவற்றுக்குப் பெயர். அவ்வழியாகக் கப்பலில் வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மாநாய்கன் நாகத்துக்காக மன்றாடினார். அம்மாளுக்குக் கோயில் கட்டுவதாக வாக்குக் கொடுத்த பிறகே கருடன் விலகியது. செய்த பிழைக்குக் கடலில் மூன்று முறை முழுகியும் எழுந்தது. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த அலைக்கு நடுவில் இருந்து யோசித்தால் வேறொன்று பிடிபடும். நல்ல பாம்பு தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கியே நீந்தும், ஆகவே பூ நனையாமல் வந்திருக்கும். கருடனைக் கண்டதும் சீறவோ கொத்தவோ வாயைத் திறந்தால் பூ கடலோடு போய்விடும். விஷம் இருந்தும் வாயைத் திறக்காமல் கல்லைக் கட்டிக்கொண்டு கிடந்ததே, அதற்கு எவ்வளவு பக்தி வேண்டும்! நாம் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நிற்க முணுமுணுக்கிறோம்.

துறை இரண்டு உண்டு. படகு முதலில் விகாரைத் துறையில் நின்றால் கோபுரம் தெரிகிறதே என்று குதித்துவிடாதீர்கள், வெயிலில் நடக்க நேரும். அம்மாள் வாசலுக்கு நேரே உள்ள துறையில் இறங்குங்கள். அருச்சனைச் சீட்டு எடுத்து, வெள்ளி நாகத்தைத் தட்டில் வைத்து ஐயரிடம் கொடுத்து அருச்சனை செய்வித்த பிறகே உண்டியலில் சேர்க்க வேண்டும். வந்த அவசரத்தில் நேரே உண்டியலில் போட்டுவிட்டுக் கையைப் பிசைகிறவர்கள் அநேகம்.

மதியப் பூசைக்கு முன்பே உள்ளே போய்விட வேண்டும். திரை விலகி, அடுக்குத் தீபத்தின் வெளிச்சத்தில் ஐந்தலை நாகம் சீறி எழும் அந்தக் கோலம் தெரிகிறபோது மேளச் சத்தத்துக்கு வீரிட்டு அழும் குழந்தைகளும் தாய்மாரின் கண்ணீருமாக எல்லாம் ஒன்றாகிவிடும். அம்மாளிடம் கேட்க வைத்திருந்ததில் பாதி மறந்துபோகும். தாயே, பிள்ளையைத் தந்தாய், போதும். 1620இல் போர்த்துக்கேயர் இடித்தும், 1788இல் மறுபடி எழுந்து நின்று எங்களுக்கு இந்த வாசலைத் தந்தாயே, அதுவும் போதும்.

பஸ்ஸும் படகும் சொல்ல வந்த இடத்தில் அம்மாளே முன்னுக்கு வந்துவிட்டாள். விட்டதைச் சொல்லிவிடுகிறேன். அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்ணாமல் திரும்ப வேண்டாம். பிள்ளையின் பெயரில் அன்னதானத்துக்குக் காசு கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் குறிகட்டுவானில் ஏறுமுன்பே படகுக்காரரிடம் கேட்டு வையுங்கள், காற்றைப் பொறுத்து அது மாறும். கொழும்பு இரவு பஸ்ஸுக்கு நெருக்கிப் பதிவு செய்யாதீர்கள்.