ஆறேகால் அடி

பிப்ரவரி 8

பர்மிங்ஹாம் பக்கம் இருக்கும் லாங்பிரிட்ஜ் வரை பஸ்ஸில் போய் வந்தேன். ஆஸ்டின் கார் ஆலை இருந்த இடத்தில் இப்போது கடைகளும் வீடுகளும்தான். 1921இல் கம்பெனி திவாலாகும் நிலையில் இருந்தது. சின்னக் கார் செய்வோம் என்ற முதலாளி ஹெர்பர்ட் ஆஸ்டினின் பேச்சை நிர்வாகக் குழு காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனிதர் விடவில்லை. ஆலையில் படம் வரைந்துகொண்டிருந்த 18 வயதுப் பையன் ஸ்டான்லி எட்ஜைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய், பில்லியர்ட்ஸ் அறையில் உட்காரவைத்து வரையச் சொன்னார். இரண்டு சிலிண்டர் போதாது, நான்கு வேண்டும் என்று முதலாளியிடம் வாதாடி ஜெயித்ததும் அந்தப் பையன்தானாம். 1922இல் ஆஸ்டின் செவன் என்ற அந்தச் சின்னக் கார் வந்தது.

பிப்ரவரி 9

ராத்திரி பழைய கார் வரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1921 முதல் பிரிட்டனில் ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு வரி. அதை எஞ்சினை ஓட்டியா அளந்தார்கள்? இல்லை, வெறும் சூத்திரம். சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுக்க வேண்டும்.

இரண்டு கார்களைப் பார்ப்போம், இரண்டுக்கும் நான்கு சிலிண்டர். ஃபோர்டு மாடல் டி-யின் விட்டம் 3.75 அங்குலம். விடை 22.5, வரி 23 பவுண்டு. 747 சிசி செவனின் விட்டம் 2.2 அங்குலம். விடை 7.74, வரி 8 பவுண்டு.

பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது கணக்கிலேயே இல்லை! அப்புறம் என்ன, எல்லோரும் எஞ்சினை ஒல்லியாக, உயரமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். ஃபோர்டே 1932இல் கொண்டுவந்த மாடல் ஒய்-யில் விட்டம் 56.6 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 92.5 மி.மீ. எஞ்சினை வடிவமைத்ததில் பாதிப் பங்கு வரி அதிகாரிக்கு என்றுதான் சொல்வேன்.

பிப்ரவரி 12

தலைவலி. விலை பற்றி ஒரு குறிப்பு மட்டும்: 1931இல் மோரிஸ் மைனர் என்ற போட்டிக் காரின் இரட்டை இருக்கை வண்டி 100 பவுண்டு, 1935இல் ஃபோர்டின் மூடிய கார் ஒன்றும் அதே 100.

பிப்ரவரி 15

செவனின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஆறேகால் அடி. டேப்பை எடுத்து வீட்டில் அளந்தேன். எங்கள் கட்டில் சரியாக அதே நீளம். அதற்குள் அப்பா, அம்மா, பின்னால் இரண்டு பிள்ளைகள். ஆரம்பகால வண்டிகளில் கால் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும், கைப்பிடி முன்சக்கரங்களுக்கு. ஓட்டுநர் தேர்வு கட்டாயமானதோ 1935 ஜூனில்தான். அதுவரை வாங்கியவர் அப்படியே ஏறி ஓட்ட வேண்டியதுதான். ஆனாலும் மழையில் நனைந்தபடி பைக்கின் சைடுகாரில் குழந்தையை மடியில் வைத்துப் போனவளுக்கு, அந்தத் துணிக் கூரை போதுமாக இருந்திருக்கும்.

மனைவி, "எதுக்குக் கட்டிலை அளக்கறீங்க?" என்றாள். சொன்னேன். "நாலு பேரா?" என்று சிரித்துவிட்டு, டேப்பை வாங்கி ஜன்னல் திரைக்கு அளவெடுக்கப் போய்விட்டாள்.