மேற்கோளும் நூற்பட்டியலும்: ஆய்வேடு முடியும்வரை

ஜூன் 3
நூல் விவரங்களைச் சேமித்து மேற்கோளாக்கித் தரும் மென்பொருள் ஸோட்டெரோ. வேர்டில் அதன் வழியாகச் செருகிய மேற்கோள் (நூலைச் சுட்டும் குறிப்பு) வெறும் எழுத்தல்ல, ஒரு ஃபீல்டு; அதாவது பின்னால் குறியீடு ஒளிந்திருக்கும் இடம். ஆல்ட், எஃப்9 சேர்த்து அழுத்தினால் அடைப்புக்குள் இருந்த பெயரும் ஆண்டும் மறைந்து, நூலின் விவரமெல்லாம் அடங்கிய நீளமான குறியீடு விரியும். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். அதன்மேல் கையால் ஆண்டைத் திருத்தினால், "மாற்றத்தை வைத்துக்கொள்ளவா?" என்று ஸோட்டெரோ கேட்கும். ஆம் என்றால் அந்த மேற்கோள் உறைந்துபோகும். பிறகு ஸ்டைலை, அதாவது மேற்கோள் வடிவத்தை, மாற்றினாலும் அது ஒன்று மட்டும் பழைய வடிவிலேயே நிற்கும். திருத்த வேண்டிய இடம் ஸோட்டெரோ பதிவு. அங்கே திருத்திவிட்டு வேர்டில் ரெஃப்ரெஷ் அழுத்தினால் போதும்.

ஜூன் 5
பக்க எண்ணை அடைப்புக்கு வெளியே தட்டச்சு செய்யக் கூடாது. மேற்கோள் பெட்டியில் நூலின் பெயர்மீது சொடுக்கினால் அதற்கான கட்டம் வரும். ஆசிரியர் பெயரை வாக்கியத்திலேயே சொல்லியாயிற்று என்றால், அங்கேயே பெயரை மறைக்கும் தேர்வும் உண்டு. இரண்டு நூல்களை ஒரே இடத்தில் சுட்டும்போது இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்க்கவும். தனித்தனியாகச் செருகினால் இரண்டு அடைப்புகள் முட்டிக்கொண்டு நிற்கும்.

ஜூன் 9
ஒரே நூல் 2018ஏ, 2018பி என இரண்டாகப் பிரிந்து நின்றால், சேகரிப்பில் அதற்கு இரண்டு பதிவுகள் இருக்கின்றன என்று பொருள். ஒன்றை அழித்துவிடத் தோன்றும்; அழித்தால் அதைச் சுட்டிய மேற்கோள்களின் தொடர்பு அறுந்துவிடும். இரட்டைப் பதிவுகள் பகுதிக்குப் போய் இணைப்பதே சரி. தொடர்பு அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே வகைப் பதிவாக இல்லாவிட்டால் இணையாது. முதலில் வகையைச் சமப்படுத்த வேண்டும்.

நிறுவனப் பெயர்களும் இப்படித்தான் படுத்தும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரை இரு கட்டங்களில் பிரித்துப் போட்டால், கடைசிச் சொல் குடும்பப்பெயராகி, மற்றவை முதலெழுத்துகளாகச் சுருங்கிவிடும். பெயருக்குப் பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்குங்கள். குடும்பப்பெயர் இல்லாதவர்களுக்கும் இதுவே வழி.

ஆங்கிலத் தலைப்புகளில் முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து வைத்துச் சேமிக்கலாம். எல்லாச் சொல்லையும் பெரிய எழுத்தாக்க வேண்டுமென்றால் ஸ்டைலே ஆக்கிக்கொள்ளும். பெரிய எழுத்தில் சேமித்ததைச் சிறிய எழுத்தாக்க அதை நம்ப முடியாது.

ஜூன் 14
வேர்டு போன்ற இன்னொரு செயலியான லிப்ரெஆஃபிஸ் ரைட்டரில் எழுதியதை நேரடியாக வேர்டு கோப்பாகச் சேமித்தால் மேற்கோள்கள் உயிரற்ற எழுத்தாகிவிடலாம். முதலில் ஒரு நகல். பிறகு ஸோட்டெரோவின் ஆவண அமைப்புகளில், வேறு செயலிக்கு மாற்றும் பொத்தான். புதிய செயலியில் திறந்து ரெஃப்ரெஷ் செய்தால் மீண்டும் உயிர் வரும்.

ஜூன் 18
நீண்ட ஆய்வேட்டில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் வேர்டு திணறினால், ஸோட்டெரோவின் ஆவண அமைப்புகளில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தலாம். அச்சுக்கு முன் ரெஃப்ரெஷ் மறக்கக் கூடாது.

ஜூன் 21
பதிப்பாளர் ஃபீல்டு இல்லாத கோப்பு கேட்டால், நகலில் மட்டும் மேற்கோள் தொடர்பை நீக்குங்கள். நீக்கிச் சேமித்தபின் மீட்க வழியில்லை. மொத்த ஆவணத்தையும் தேர்ந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அழுத்துவது குறுக்குவழிபோலத் தெரியும். அது பொருளடக்கத்தையும் குறுக்குச் சுட்டுகளையும் சேர்த்தே அறுத்துவிடும்.