சைகோன்: ஏமாற்றிய டாக்சி, நொய் அரிசிச் சோறு, இரண்டே நாளில் வந்த ஷூ சோல்

ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது. அந்த டாக்சிக்காரர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வியட்நாமின் சைகோனை, அதாவது இன்றைய ஹோ சி மின் நகரத்தைப் பார்த்த வியப்பும் அடங்கவில்லை. இரண்டும் சூடாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். எங்கே தங்கினேன், எதற்கு எவ்வளவு ஆனது என்று நாள்வாரியாகச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆம்பூர்க்காரன். ஷூவின் அப்பர், அதாவது மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. ஜாப் ஒர்க்தான். சில வருடங்களாக ஆர்டர் தரும் எந்த பையர் வந்தாலும் ஒரே பேச்சு: "வியட்நாமில் இதை இத்தனை நாளில் முடித்துத் தந்துவிடுகிறார்கள்." கேட்டுக் கேட்டு அலுத்துப் போனது. உலகத்துப் பணமெல்லாம் ஏன் அந்த ஊரில் போய் இறங்குகிறது, நேரில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், பாய் என்றுதான் கூப்பிடுவோம், எட்டு வருடமாக அங்கே ஒரு ஷூ ஆலையில் தரப் பரிசோதனை வேலையில் இருக்கிறார். அவரை நம்பித்தான் போனேன். இ-விசாவுக்கு 25 டாலர். டிக்கெட் நீங்கலாக ஐந்து நாளையும் 20,000 ரூபாய்க்குள் முடிப்பது என்று கணக்கு.

அந்தக் கணக்கில் முதல் ஓட்டை விமான நிலையத்து வாசலிலேயே விழுந்தது. தான் சோன் நியாத் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, நகர மையத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான். வெளியே வந்ததும் ஒருவர் பையை வாங்காத குறையாக வண்டிக்கு அழைத்துப் போனார். மீட்டர் ஓடிய வேகத்தைப் பார்த்தபோதே வயிற்றைப் பிசைந்தது. இறங்கும்போது நான் கொடுத்த 500,000 டாங் தாளை வாங்கி ஒரு நொடி கீழே குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில் இருந்தது 20,000 தாள். "இதைத்தான் கொடுத்தாய், மீதி கொடு" என்று சைகை. இரண்டு தாளும் நீல நிறம்! நம்ம ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங், அப்படியென்றால் போனது 1,600 ரூபாய்க்கு மேல். சத்தம் போட்டேன், அவர் அதைவிடச் சத்தம் போட்டார். இரவு பதினொன்றரைக்கு அறியாத ஊரில் என்ன செய்வது? இன்னொரு தாளும் கொடுத்துவிட்டுத்தான் பையை எடுக்க முடிந்தது. போகிறவர்கள் தயவுசெய்து இரண்டு நீலத் தாளையும் பர்ஸில் தனித்தனி அறையில் வையுங்கள். செயலி வழியாக வண்டி பிடியுங்கள். அப்புறம் நான்கு நாளும் அப்படித்தான் போனேன், ஒரு டாங்கூட யாரும் கூடுதலாகக் கேட்கவில்லை. பல தடவை வந்தது வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலை திறந்த அதே வியட்நாம் நிறுவனம். உட்கார்ந்தபோது மனதுக்கு என்னவோ இதமாக இருந்தது.

மறுநாள் காலை பென் தான் சந்தைக்கு எதிரே மெட்ரோ ஏறினேன். இந்த நகரத்தின் முதல் பாதை இது. 19.7 கிலோமீட்டர், 14 நிலையங்கள். ஜப்பான் கடனுதவியில் 2012இல் வேலை தொடங்கி, 2018இல் முடியும் என்று சொல்லி, கடைசியில் 2024 டிசம்பர் 22 அன்றுதான் ஓடத் தொடங்கியது. கடைசி நிலையம்வரை போனாலே 20,000 டாங், அதாவது 65 ரூபாய்தான். பூமிக்கு அடியில் மூன்று நிலையம் தாண்டி ரயில் மேலே ஏறியதும் ஆற்றோரமாக லேண்ட்மார்க் 81 கோபுரம் தெரிந்தது. 461 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்க்கக் காசு வேண்டாம், மேலே ஏறத்தான் டிக்கெட். ரயிலில் இருந்தே பார்த்துக்கொண்டேன்.

நான் இறங்கிய நிலையத்தின் பெயரே உயர் தொழில்நுட்பப் பூங்கா. 2002இல் தொடங்கிய 913 ஹெக்டேர் வளாகம். 2006இல் இன்டெல் இங்கே 100 கோடி டாலர் போடுகிறோம் என்று அறிவித்தது, 2010இல் ஆலை திறந்தது. அதன் பின்னால் சாம்சங்கும் வந்தது. உள்ளே விடமாட்டார்கள். வெளிச் சாலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். சாலை சுத்தம், மரநிழல், ஷிப்ட் விட்டு வரும் இளம் பிள்ளைகளின் ஸ்கூட்டர் வெள்ளம். இங்கே வரும் உயர் தொழில்நுட்ப ஆலைக்கு வருமான வரி 15 வருடத்துக்கு 10 சதவீதம்தான். அதிலும் முதல் நான்கு வருடம் வரியே இல்லை, அடுத்த ஒன்பது வருடம் பாதி. வழக்கமான விகிதம் 20. சலுகை பெரிதுதான். ஆனால் வரிச்சலுகை எந்த நாட்டில் இல்லை? நம்ம சிப்காட்டிலும் சலுகை கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

கூலி மலிவு என்பார்கள். இதைத்தான் நான் அடித்துச் சொல்ல வேண்டும்: அது பாதி உண்மைகூட இல்லை. இந்த நகரத்தின் பெரும்பகுதிக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச மாதக் கூலி 2024 ஜூலையில் 49.6 லட்சம் டாங், 2026 ஜனவரியில் 53.1 லட்சம். நம்ம கணக்கில் 17,500 ரூபாய்க்குக் குறையாது. எங்கள் பக்கத்து யூனிட்களில் ஒரு தையல்காரப் பெண் கைக்கு இதைவிடக் குறைவாகத்தான் வருகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிலைமை. கூலிக்காகத்தான் வருகிறார்கள் என்றால் இவ்வளவு ஆர்டரும் எங்கள் வாசலில் அல்லவா நிற்க வேண்டும்?

மத்தியானம் பசி. நகர மையத்துக்குத் திரும்பி, நடைபாதையில் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கொம் தாம் சாப்பிட்டேன். கொம் தாம் என்றால் வேறொன்றுமில்லை, நொய் அரிசிச் சோறு. எங்கள் பாட்டி காய்ச்சலுக்குக் கஞ்சி வைப்பாரே, அதே நொய். அதை உதிரி உதிரியாக வேகவைத்து, கரியில் சுட்ட கோழித்துண்டை மேலே வைத்து, வெங்காயத்தாள் எண்ணெய், ஊறுகாய்க் காய், ஒரு கிண்ணத்தில் இனிப்பும் காரமுமான மீன் சாறு. பக்கத்தில் கோழி சுடும் புகை கண்ணில் ஏறுகிறது, மோட்டார் சைக்கிள்கள் முழங்கையை உரசிப் போகின்றன, எனக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. 50,000 டாங், 165 ரூபாய். இரண்டாவது தட்டும் வாங்கினேன். ஐந்து நாளில் நாலு தடவை அதே கடை. பன்றி இறைச்சி வேண்டாம் என்பவர்கள் கோழியைக் கைகாட்டிக் கேளுங்கள், பெரும்பாலும் தட்டில் முதலில் வந்து விழுவது பன்றிதான்.

ஹாஸ்டல் ஒரு நாளைக்கு 200,000 டாங். படுக்கை பரவாயில்லை, தெருச் சத்தம் காலை மூன்று மணிவரை. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் பாய்க்கு விடுமுறை. டோங் சூ தெரு மசூதி வாசலில் சந்தித்தோம். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1935இல் கட்டிய மசூதி அது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் மீகாங் டெல்டாவின் நெல் விவசாயத்துக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நம்ம செட்டியார்கள். சைகோன் துறைமுகத்தில் அரிசி கப்பலேறியது, அதன் பின்னால் செட்டிநாட்டுப் பணமும் இருந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் பலர் அடிபட்டார்கள், பிறகு போர், ஆட்சி மாற்றம், பெரும்பாலோர் போய்விட்டார்கள். கோயில் நிற்கிறது. நடந்து போகும் தூரத்தில் 68 மாடி பிடெக்ஸ்கோ கோபுரம். பென் தான் பக்கத்து மாரியம்மன் கோயிலிலும் வியட்நாமியப் பெண்கள்தான் ஊதுபத்தி ஏற்றி, சுவரில் நெற்றியை வைத்துக் கண்மூடி வேண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வெளியூர்ப் பணம் வந்து போவது இந்த ஊருக்கு இன்று நேற்றுப் பழக்கமில்லை.

நடுவில் அந்தக் கதவு மூடித்தான் இருந்தது. 1975க்குப் பிறகு தனியார் வியாபாரமே ஒடுங்கிப்போன வருடங்கள். 1986இல் தோய் மோய் என்ற சீர்திருத்தம், 1987இல் அந்நிய முதலீட்டுச் சட்டம். அதில் முழு உரிமையோடு வெளிநாட்டு நிறுவனம் நடத்தலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1991இல் நகரத்தின் தெற்கே சதுப்பு நிலத்தில் தாய்வான்காரர்களோடு சேர்ந்து தான் துவான் ஏற்றுமதி மண்டலம், நாட்டிலேயே முதலாவது. அதை ஒட்டி ஃபூ மி ஹுங் என்ற குடியிருப்பு நகரம். நான் போய்ப் பார்த்தேன். கொரியப் பலகைகள், தாய்வான் உணவகங்கள், சர்வதேசப் பள்ளிகள். ஜப்பானியர்களுக்கு நகர மையத்தில் லே தான் தோன் தெரு. ஆலை போட வருகிற மேலாளரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஊர் பிடித்துவிட்டால் ஆலை நிற்கும் என்று பாய் சொன்னார். சரியான பேச்சு.

"தம்பி, நீ கூலி, வரின்னு கணக்கு போட்டுட்டு இருக்க. வா, நான் காட்டுறேன்" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். பக்கத்து மாகாணமாக இருந்த பின் துவோங் பக்கம் போனோம். 2025 ஜூலை 1 முதல் அதுவும், வுங் தாவ் கடற்கரையும் ஹோ சி மின் நகரத்தோடு சேர்ந்துவிட்டது, மக்கள் தொகை ஏறத்தாழ 1.4 கோடி. ஒரே சாலையில் அட்டைப்பெட்டி ஆலை, லேஸ் கடை, பசை வியாபாரி, லேஸ் கோக்கும் ஓட்டைக்கான ஐலெட் வளையம் விற்பவர், சோலுக்கு மோல்டு, அதாவது அச்சு அடிக்கும் பட்டறை. நான் கொண்டுபோயிருந்த ஒரு பழைய சோலை மோல்டுக்காரரிடம் காட்டி, குதிகால் வளைவை மாற்றி மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். அளவெடுத்தார், பாயிடம் ஏதோ பேசினார். "நாளன்னைக்கு ராத்திரி உன் ஹாஸ்டலுக்கு வந்துரும்" என்றார் பாய். நான் நம்பவில்லை. எங்களுக்கு இதே வேலைக்கு சீனாவில் இருந்து வர மூன்று வாரம்.

அப்புறம் ஐஸ் போட்ட பால் காபி. அந்தக் கெட்டி டிகாக்ஷனுக்குத் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம், 25,000 டாங். குடித்துக்கொண்டே பாயிடம் கேட்டேன்.

"எல்லாம் பக்கத்துல இருக்கு, சரி பாய். கப்பல்ல ஏத்த வேண்டாமா?"

"லாரி ஒன்றரை மணி நேரம் போனா காத் லாய் துறைமுகம் தம்பி. பெரிய கப்பல்னா காய் மெப். அங்கிருந்து நேரா அமெரிக்கா."

எனக்கு இதுதான் உறைத்தது. காய் மெப் ஆழ்கடல் துறைமுகம், இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல் வந்து நிற்கும், சிங்கப்பூரில் சரக்கை மாற்றி ஏற்றாமல் நேராகப் போகும். எங்கள் சரக்கு ஆம்பூரில் இருந்து 190 கிலோமீட்டர் சென்னைக்குப் போய், அங்கே காத்துக்கிடந்து, பெரும்பாலும் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ வேறு கப்பலுக்கு மாறும். அந்த நாட்களைத்தான் பையர் எண்ணிக்கொண்டிருக்கிறார். அதோடு 2020 ஆகஸ்டில் இருந்து ஐரோப்பாவோடு வர்த்தக ஒப்பந்தம் வேறு அவர்கள் கையில்.

குறை இல்லாமல் இல்லை. வெளிநாட்டுக்காரருக்கு நிலம் சொந்தமாகாது, குத்தகைதான், வழக்கமாக 50 வருடம்வரை. திரும்பி வரும்போது மழை பிடித்தது. அரை மணி நேரத்தில் தெரு முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடந்தோம், பாஸ்போர்ட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டேன். வானத்தைத் தொடும் கோபுரம் கட்டுகிற ஊர் சாக்கடையை முதலில் சரிசெய்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் நெரிசலில் மூச்சு முட்டுகிறது. ஆர்டர் சுருங்கினால் அடி யாருக்கு என்பதும் தெரிந்ததுதான். பின் தான் பகுதியில் ஒரு தாய்வான் ஷூ வளாகத்தில் ஒரு காலத்தில் 90,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 2023இல் அங்கே ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். செய்யாறிலும் பனப்பாக்கத்திலும் இப்போது தாய்வான்காரர்கள் வருவதைக் கொண்டாடுகிற நாமும் இதை மனதில் வைக்க வேண்டும்.

கடைசி நாள் இரவு ஒன்பது மணிக்கு ஹாஸ்டல் வரவேற்பில் இருந்து கூப்பிட்டார்கள். மழைக்கோட்டு போட்ட ஒரு பையன், கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் சோல். குதிகால் வளைவு நான் கேட்டபடியே இருந்தது. இடது கால், வலது கால் இரண்டும். வாங்கிக் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது.

மொத்தச் செலவு 21,300 ரூபாய். அந்த டாக்சி மட்டும் இல்லையென்றால் கணக்குக்குள் முடிந்திருக்கும். திரும்பும்போது 109ஆம் எண் மஞ்சள் பேருந்தில் விமான நிலையம் போனேன். ஏசி, உட்கார இடம், 15,000 டாங், நம்ம 50 ரூபாய். சோல் இரண்டையும் கைப்பையில்தான் வைத்திருந்தேன். நாளை காலை எங்கள் யூனிட் மேஜையில் வைத்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டப்போகிறேன்.